பொட்டு வைத்த பீங்கான்

என் மேசைமேல் ஒரு வளையம் கிடக்கிறது. சின்ன உளுந்து வடை அளவு. அதேபோல் நடுவில் ஓட்டை. விளிம்பில் தெரியும் உடம்பு வறுத்த ரவையின் நிறம். மேலும் கீழும் வெள்ளிப் பூச்சு. பளபளக்கும் வெள்ளியல்ல, விபூதி பூசிக் காய்ந்ததுபோல் மங்கிய, பால் கலந்த வெள்ளி. கையில் எடுத்தால் பார்வைக்குத் தோன்றாத கனம். ஏறக்குறைய இரும்பின் அடர்த்தி. உள்ளே ஈயம் இருப்பதை முதலில் உள்ளங்கைதான் கண்டுகொள்கிறது. ஒரு முகத்தில் மட்டும், கண்ணை இடுக்கிப் பார்த்தால், ஒரு கறுப்புப் புள்ளி. பேனா முனையால் யாரோ மெல்லத் தொட்டு வைத்த பொட்டு.

கடலுக்குள் ஒலி எழுப்பவும் ஒலி கேட்கவும் பயன்படும் டிரான்ஸ்டியூசரின் உயிர்ப்பகுதி இது. ஈயம், சிர்க்கோனியம், டைட்டேனியம் மூன்றின் ஆக்சைடுகள் கூடிப் பிறந்த பீசோ பீங்கான். தொழிலில் இருப்பவர்களுக்கு பி.இசட்.டி. அழுத்தினால் மின்னூட்டம் தரும், மின்னழுத்தம் கொடுத்தால் நீளும் சுருங்கும். சமையலறை கேஸ் லைட்டரில் 'டக்' என்று பொறி பறக்கச் செய்வதும், வீணையின் குடத்தில் ஒட்டிக்கொண்டு கச்சேரி முழுக்கக் காது கொடுத்திருப்பதும் இதன் உறவுக்காரர்கள்தான். அதெல்லாம் இருக்கட்டும். அந்தப் பொட்டைக் கொஞ்ச நேரம் பார்ப்போம்.

வளையத்தின் இரண்டு முகங்களுக்கும் கண்ணுக்குத் தெரிந்த வேறுபாடு எதுவுமில்லை. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாலும் அதே வெள்ளி, அதே மங்கல். ஆனால் உள்ளே ஒரு பக்கம் தலை, மறுபக்கம் கால். பொட்டு இருப்பது தலைப்பக்கம். உலையிலிருந்து வந்தபோது இந்த வளையத்துக்குத் திசை கிடையாது. சில மைக்ரான் அளவுள்ள கோடிக்கணக்கான மணிகள். ஒவ்வொரு மணிக்குள்ளும் பல பகுதிகள். ஒவ்வொரு பகுதியும் தனக்குப் பிடித்த திக்கில் முகம் திருப்பி நிற்கும். எல்லாவற்றையும் கூட்டினால் பூஜ்யம். நான்கு மாட வீதியில் தேர் பார்க்க வந்த கூட்டம்போல. வளையல் கடையைப் பார்ப்பவர் சிலர், வாசலைப் பார்ப்பவர் சிலர். வடத்தைப் பிடித்து இழுக்கும் நொடியில் அத்தனை பேரும் ஒரே பக்கம் திரும்புகிறார்கள் அல்லவா? அந்த நொடிதான் 'போலிங்'. 100 டிகிரிக்கு மேல் காய்ந்த சிலிகோன் எண்ணெயில் வளையத்தை முக்கி, ஒரு மில்லிமீட்டர் கனத்துக்கு இரண்டு மூன்று ஆயிரம் வோல்ட் வீதம் மின்னழுத்தம் ஏற்றிச் சில நிமிடங்கள் நிறுத்தி, அதைத் தளர்த்தாமலே ஆறவிடுகிறார்கள். வடத்தை விட்ட பிறகும் கூட்டத்தில் பெரும்பாலோர் திரும்பிய முகம் திரும்பியபடியே நிற்கிறார்கள். அந்த ஞாபகம்தான் இந்தப் பீங்கானின் திறமை முழுவதும். நேர்மின் முனை எந்த முகத்தில் இருந்ததோ அந்த முகத்துக்கு ஒரு பொட்டு.

ஞாபகம் என்பதால் மறக்கவும் கூடும். அதிகம் சூடாக்கினால் மறக்கும். எதிர்த்திசையில் அதிக வோல்ட் கொடுத்தால் மறக்கும். வலுவாக அடிபட்டாலும் கொஞ்சம் மறக்கும். இதைக் கையாள்பவர்களின் விரல்களில் கைக்குழந்தையைத் தூக்குபவர்களின் எச்சரிக்கை இருப்பது அதனால்தான்.

இந்தக் குணம் உலகத்துக்குத் தெரியவந்த கதையில் நம் பக்கத்துக் கடற்கரைக்கும் ஒரு பங்கு உண்டு. 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டச்சு வணிகர்கள் இலங்கையிலிருந்து ஒரு ரத்தினக்கல்லைக் கொண்டுபோனார்கள். சிங்களத்தில் அதற்குத் தோரமல்லி என்று பெயர்; அதுவே ஐரோப்பிய நாக்குகளில் டூர்மலின் ஆனது. சூடான கல் சாம்பலை இழுப்பதைப் பார்த்த டச்சுக்காரர்கள் அதைச் 'சாம்பல் இழுப்பான்' என்றே அழைத்தார்கள். சூட்டுக்கு மின்னூட்டம் காட்டும் கல், அழுத்தினால் என்ன செய்யும்? பாரிஸில் 1880-இல் அதைக் கேட்டுப் பார்த்த அண்ணன் தம்பி இருவருக்கும் வயது 24, 21: ஜாக் கியூரி, பியேர் கியூரி. தோரமல்லி, குவார்ட்ஸ், கரும்புச் சர்க்கரைப் படிகம், ரோஷெல் உப்பு என ஒவ்வொன்றையும் அழுத்தி மின்னூட்டத்தை அளந்தார்கள். இதன் மறுதலையும், அதாவது மின்சாரம் கொடுத்தால் வடிவம் மாறுவதும், உண்மையாக இருந்தே தீரவேண்டும் என்று அடுத்த ஆண்டே இயற்பியலாளர் லிப்மன் தாளில் கணக்குப்போட்டுச் சொன்னார். சகோதரர்கள் அதையும் செய்து காட்டினார்கள். பியேரின் மாணவர் போல் லான்ஜெவின் முதல் உலகப்போரின்போது குவார்ட்ஸ் துண்டுகளை இரண்டு எஃகுத் தட்டுகளுக்கு நடுவே பரப்பி ஒட்டி, கடலுக்குள் ஒலி அனுப்பி நீர்மூழ்கியின் எதிரொலியைக் கேட்டார். அந்த அமைப்பின் நிழல் இன்றைய சோனார்களிலும் விழுந்து கிடக்கிறது.

குவார்ட்ஸ் நேர்மையான கல். ஆனால் குரல் மெல்லியது. ஒரு நியூட்டன் அழுத்தத்துக்கு அது தரும் மின்னூட்டம் 2.3 பிக்கோகூலும். என் மேசைமேல் கிடக்கும் வளையத்தின் இனம் தருவதோ 289. அதன் மென்மையான தங்கை ஒன்று 593 தருகிறது. 1997-இல் அமெரிக்காவில் பார்க், ஷ்ரவுட் இருவரும் வெளியிட்ட ஒற்றைப் படிகங்கள் 2,000-த்தையும் தாண்டிவிட்டன. இந்தப் பாய்ச்சல் எங்கிருந்து வந்தது என்று கேட்டால், இந்தப் பொருளின் மிக அழகான இடத்துக்கு வந்துசேர்கிறோம்.

அணுக்களின் அடுக்கைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். ஒரு கனசதுரக் கூடு. எட்டு மூலைகளில் ஈயம், ஆறு முகங்களின் நடுவில் ஆக்சிஜன், கூட்டின் நெஞ்சில் டைட்டேனியமோ சிர்க்கோனியமோ. சூடு தணியும்போது நெஞ்சில் இருப்பது சரியான நடுவில் நிற்காமல் ஒரு பக்கம் ஒதுங்கிக்கொள்கிறது. ஒதுங்கும் தூரம் ஒரு நானோமீட்டரில் நூறில் சில பங்கு. அவ்வளவுதான். அந்த ஒதுக்கம்தான் கூட்டுக்குத் தலையும் காலும் தருகிறது. டைட்டேனியம் மிகுந்த கலவையில் அது ஆறு முகங்களில் ஒன்றை நோக்கி ஒதுங்கும். சிர்க்கோனியம் மிகுந்தால் எட்டு மூலைகளில் ஒன்றை நோக்கி. இரண்டையும் கலந்துகொண்டே போனால், சிர்க்கோனியம் 52, டைட்டேனியம் 48 என்னும் இடத்தருகே ஒரு வரம்பு வருகிறது. அங்கே நிற்கும் கலவைக்கு முகமா மூலையா என்று தீர்மானிக்க முடிவதில்லை. ஆறும் எட்டும் பதினான்கு வாசல்கள். எல்லாம் பாதி திறந்தவை. எந்தப் பக்கம் லேசாகத் தள்ளினாலும் சாய்கிறது. 1954-இல் அமெரிக்கத் தரநிர்ணய நிலையத்தில் பெர்னார்ட் ஜாஃபி இந்த வரம்போரக் கலவைகளை அளந்தபோதுதான் பி.இசட்.டி.யின் காலம் தொடங்கியது.

வயல் வரப்பில் நடந்தவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். வயலுக்குள் நிற்பவரை அசைப்பது கடினம். வரப்பில் நிற்பவருக்கு ஒரு விரல் பட்டால் போதும். அந்த விரல் தொடும் மென்மையில் ஒலி தொட்டாலும் சாயும் ஒரு பொருளைத்தான் தேடிக்கொண்டிருந்தார்கள். முற்றிலும் நிலைகொண்ட பொருள் இதற்கு உதவாது; முற்றிலும் நிலைகுலைந்ததும் உதவாது. இன்னொரு செய்தியும் எனக்கு மிகவும் பிடிக்கும். வரம்பின் இருபுறமும் இருப்பவை இரண்டே வடிவங்கள் என்று நாற்பத்தைந்து ஆண்டுகள் நம்பியிருந்தார்கள். 1999-இல் பியாட்ரிஸ் நொஹேடாவும் உடன் உழைத்தவர்களும் கூர்மையான எக்ஸ்-கதிரால் பார்த்தபோது, வரம்பின் மேலேயே மூன்றாவதாக ஒரு வடிவம், முகத்துக்கும் மூலைக்கும் இடையிலுள்ள பாதையில் நடமாடக்கூடிய ஒரு சாய்வு வடிவம், அடக்கமாக உட்கார்ந்திருந்தது. அத்தனை ஆண்டுகளாகச் சோனார்களில் பாடிக்கொண்டிருந்த பொருள் தன் முகத்தைக் காட்ட அவ்வளவு காலம் எடுத்துக்கொண்டது.

கலவை கையில் இருந்தாலும் உலையில் கோட்டைவிட்டால் போயிற்று. 1,200 டிகிரிக்கு மேல் வேகும்போது ஈயம் ஆவியாகி ஓடப் பார்க்கும். கொஞ்சம் ஓடினாலும் வரப்பிலிருந்து கால் வழுக்கும். ஆகவே மூடிய மூசைக்குள், ஈயம் கலந்த பொடியையே சுற்றிலும் நிரப்பி, உள்ளே ஈய ஆவி நிறைந்திருக்கும்படி வேகவைக்கிறார்கள். மூடியைச் சுற்றி மாவு ஒட்டித் தம் போடும் பிரியாணிக்காரருக்கு இதை விளக்கவே வேண்டாம். வெந்து வரும்போது வளையம் நீளத்தில் ஆறில் ஒரு பங்கு வரை சுருங்கியிருக்கும். அந்தச் சுருக்கத்தை முன்கூட்டியே மனதில் வைத்துத்தான் அச்சு செய்திருப்பார்கள். இரும்புப் பட்டறையில் சக்கரத்துக்குப் பட்டை போடுபவரின் கணக்கு இது.

பிறகு 'ஹார்ட்', 'சாஃப்ட்' என்று இரண்டு குணங்கள். கலவையில் ஓர் உப்புச் சிட்டிகை அளவு இரும்பைச் சேர்த்தால் உள்ளே ஆக்சிஜன் இல்லாத வெற்றிடங்கள் உண்டாகி, பகுதிகளின் எல்லைச் சுவர்களைப் பிடித்து நிறுத்துகின்றன, பீங்கான் உறுதிப்படுகிறது. அதே சிட்டிகை நயோபியமாக இருந்தால் சுவர்கள் வழுக்கிக்கொண்டு நகர்கின்றன. பீங்கான் இளகிய மனம் கொள்கிறது. உறுதியானது உரக்கப் பாடும். அதிக வோல்ட்டில் மணிக்கணக்காகப் பாடினாலும் சூடேறி மயங்காது. இளகியது கேட்பதில் தேர்ந்தது. ஆனால் பாடச்சொன்னால் சீக்கிரம் உடம்பு சுட்டுவிடும். கொடுத்த சக்தியில் உள்ளேயே வீணாகும் பங்கு உறுதியானதில் ஆயிரத்தில் நான்கு என்றால், இளகியதில் இருபது. சோனார் வடிவமைப்பாளர் முதலில் கேட்கும் கேள்வியே இதுதான்: பாடவா, கேட்கவா? என் மேசைமேல் இருப்பது பாடகர் வீட்டுப் பிள்ளை.

சோதனைக்கு வருவோம். பானை வாங்கப் போனால் நம் பாட்டிமார்கள் விரலை மடக்கித் தட்டிப் பார்ப்பார்கள். கணீரென்றால் கைக்கு வரும். மொத்தென்றால் குவியலுக்குத் திரும்பும். பீசோ பீங்கானைச் சோதிக்கும் கலை முழுவதும் அந்தத் தட்டலின் பல நுட்பமான பேரப்பிள்ளைகள்தான்.

முதல் தட்டல் டி-33 மீட்டர். பார்த்தால் சின்னத் தையல் இயந்திரத்தின் பாதம்போல இரண்டு முனைகள். நடுவில் வளையத்தை வைத்து லேசாகத் திருகி நிறுத்துகிறார்கள். பிறகு கால் நியூட்டன் விசையில், விநாடிக்கு நூற்றுச் சொச்சம் தடவை, விட்டுவிட்டு அழுத்துகிறது கருவி. கால் நியூட்டன் என்பது அரை முட்டையின் எடை. அந்தப் பஞ்சு அழுத்தத்துக்கு வளையம் தரும் பதில் எழுபது சொச்சம் பிக்கோகூலும். திரையில் 289-ஐ ஒட்டி எண் வந்து நிற்கும். எந்த முகம் மேலே என்பதைப் பொறுத்து முன்னால் கூட்டல் குறியோ கழித்தல் குறியோ. பொட்டு சொன்னது உண்மையா என்று அங்கே தெரிந்துவிடும். வளையத்தின் சுற்றில் நாலைந்து இடங்களில் அளந்து எல்லாம் ஒத்துவந்தால், உலையும் எண்ணெய்க் குளியலும் எந்த மூலையையும் மறக்கவில்லை என்று பொருள்.

இரண்டாவது தட்டல்தான் என் மனதைக் கொள்ளைகொண்டது. இம்பீடன்ஸ் அனலைசர் என்ற கருவியில் வளையத்தை இணைத்து, ஒரு வோல்ட்டுக்கும் குறைவான மின்னலையைத் தாழ்ந்த சுருதியிலிருந்து மேலே மேலே ஏற்றிக்கொண்டே போகிறார்கள். ஒவ்வொரு சுருதியிலும் வளையம் மின்னோட்டத்தை எவ்வளவு தடுக்கிறது என்று திரையில் ஒரு கோடு வரைந்துகொண்டு வருகிறது. நெடுநேரம் ஒன்றும் நடக்காது. மலையடிவாரச் சரிவுபோல் கோடு அமைதியாக இறங்கும். திடீரென்று ஒரு கிணறு. விழுந்த வேகத்திலேயே ஏறி ஒரு கோபுரம். அப்புறம் எதுவுமே நடக்காததுபோல் பழைய சரிவு தொடரும். கிணறு இருக்கும் சுருதியில் வளையம் தன் இயல்பான அதிர்வைக் கண்டுகொண்டு மனமாரக் குலுங்குகிறது. மின்னோட்டம் வெள்ளமாய்ப் பாய்கிறது. கோபுரத்தில் அதே குலுக்கம் மின்னோட்டத்தை எதிர்த்து வாசலை மூடுகிறது.

கிணற்றுக்கும் கோபுரத்துக்கும் நடுவிலுள்ள அந்த ஒடுங்கிய இடத்தைப் பாருங்கள். அதுவரை இந்தப் பீங்கான் வெறும் மின்தேக்கி. இரண்டு வெள்ளித் தகடுகளும் நடுவில் மண்ணும். அந்த இடைவெளியில் மட்டும் அது மின்சுருள்போல் நடந்துகொள்கிறது. செம்புக் கம்பி ஒரு சுற்றுக்கூட இல்லை, ஆனால் சுருள். அதிரும் உடம்பின் கனம் மின்சாரத்தின் கண்ணுக்குச் சுருளாகத் தெரிகிறது. இடைவெளியின் அகலமோ, மின்சாரமும் அசைவும் ஒன்றோடொன்று எவ்வளவு நெருக்கமாகப் பிணைந்திருக்கின்றன என்பதற்கு நேரடி அளவு. கிணறு 40 கிலோஹெர்ட்ஸ், கோபுரம் 44 என்றால் பிணைப்பு எண் ஏறக்குறைய 0.42. பிணைப்பு 0.1 மட்டுமே உள்ள குவார்ட்ஸ் போன்ற பொருளில் கிணறு 40-இல் இருந்தால் கோபுரம் 40.2-இலேயே முளைத்துவிடும், இரண்டும் மூக்கும் மூக்குத்தியும்போல ஒட்டிக்கொண்டிருக்கும். கிணற்றின் ஒரு கரையில் சின்னதாக இன்னொரு பள்ளம் தெரிந்தால், உள்ளே எங்கோ மயிரிழை விரிசல் இருக்கிறதோ என்று சந்தேகப்பட வேண்டும். மொத்தென்ற பானை.

இப்போது வளையங்களை அடுக்க வேண்டும். நான்கோ ஆறோ, இரட்டைப்படையாக. ஒவ்வொன்றுக்கும் நடுவே மெல்லிய செம்புக்கலவைத் தகடு. பொட்டு பொட்டைப் பார்க்க, வெறும் முகம் வெறும் முகத்தைப் பார்க்க. ஒன்று மாறி நின்றாலும் அது மற்றவை நீளும்போது சுருங்கும். ஆயிரம் வோல்ட்டுக்கு ஒரு வளையம் நீள்வது ஒரு மைக்ரானில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. எல்லாம் சேர்ந்து ஒரே மூச்சில் நீண்டால்தான் தண்ணீருக்குக் கேட்கும்.

அடுக்குக்கு முன்னால் அகன்ற அலுமினியத் தலை, பின்னால் கனத்த எஃகு வால், நடு ஓட்டைகள் வழியாக எல்லாவற்றையும் கோத்து இறுக்கும் ஒரு போல்ட். பக்கவாட்டில் பார்த்தால் காளான். ஜெர்மானியர்கள் இதற்கு வைத்த பெயரே 'டோன்பில்ஸ்', ஒலிக்காளான். தலை ஏன் இலேசு, வால் ஏன் கனம்? துடுப்புப் போடும்போது படகு கனமாக இருந்தால் துடுப்பு அதிகம் அசையும். இங்கும் கனத்த வால் அசையாமல் நிற்க, இலேசான தலை தண்ணீரைத் தள்ளுகிறது. அந்த போல்ட் இருக்கிறதே, அதில்தான் வடிவமைப்பின் முழு ஞானமும் இருக்கிறது. கல்லும் பீங்கானும் அழுத்தத்தைத் தாங்கும், இழுப்பைத் தாங்கா. நம் கோயில் மண்டபங்களில் தூண்கள் அவ்வளவு நெருக்கமாக நிற்பதற்குக் காரணமும் அதுதான். கல் உத்தரத்தின் அடிவயிறு இழுபடக்கூடாது. அதிரும் பீங்கான் விநாடிக்கு நாற்பதாயிரம் தடவை நீண்டு சுருங்குகிறது. நீளும் ஒவ்வொரு தடவையும் கிழிபடும் அபாயம். முன்கூட்டியே போல்ட்டால் இறுக்கிவிட்டால், அது எவ்வளவு நீண்டாலும் 'அழுத்தம் குறைந்தது' என்ற நிலையிலேயே இருக்கும், 'இழுபட்டது' என்ற நிலைக்குப் போகாது. அணைத்தபடி ஆடவிடுவது என்று சொல்லலாம்.

எவ்வளவு இறுக்குவது? இங்கேதான் நான் ஒவ்வொரு முறையும் புன்னகைக்கிறேன். தனியாக ஓர் அளவுகோல் தேவையில்லை. அடுக்கின் இரு முனைக்கும் ஒரு பெரிய மின்தேக்கியை இணைத்து வோல்ட்மீட்டரைப் பார்த்துக்கொண்டே ஸ்பேனரைத் திருகினால், இறுக இறுகப் பீங்கானே மின்னூட்டம் தந்து தன் மேல் விழும் பாரத்தைச் சொல்லிக்கொண்டு வருகிறது. சட்டை தைக்கும்போது 'போதும், இதற்குமேல் பிடிக்கும்' என்று நாமே சொல்வதில்லையா, அதுபோல.

இனி தண்ணீர். மட்டக்களப்பு வாவியில் நிலவொளி இரவுகளில் மீன் பாடும் என்பார்கள். அதைக் கேட்க விரும்புகிறவர்கள் தோணியிலிருந்து துடுப்பை நீருக்குள் விட்டு, மறுமுனையைக் காதோடு சேர்த்துக்கொள்வார்கள். வெறும் காதுக்கு ஏன் கேட்பதில்லை? நீரிலிருந்து காற்றுக்கு வர ஒலி விரும்புவதில்லை. எல்லையில் பட்டு ஏறக்குறைய முழுவதும் திரும்பிப் போய்விடும். துடுப்பு ஒரு தூதுவர். பீங்கானுக்கும் நீருக்கும் நடுவேயும் இதே தயக்கம் உண்டு. ஒலியைக் கடத்தும்போது பீங்கான் காட்டும் விறைப்பு நீரினுடையதைப் போல இருபது மடங்கு. ஆகவே நடுவே இடைநிலைக் குணமுள்ள படலம் ஒன்று, கால் அலைநீளக் கனத்தில். மருத்துவமனை ஸ்கேன் கருவியின் தலையில் இந்தப் படலங்களின் மெல்லிய அடுக்கு இருக்கிறது. ஐந்து மெகாஹெர்ட்ஸ் பீங்கானே 0.4 மில்லிமீட்டர்தான் என்றால், படலத்தின் கனத்தை நினைத்துப் பாருங்கள்.

கடலுக்குப் போகும் டிரான்ஸ்டியூசர்களில் பல, ரப்பர் உறைக்குள் எண்ணெயில் மிதக்கின்றன. எந்த எண்ணெய் தெரியுமா? விளக்கெண்ணெய்! ஒலி அதில் போகும் வேகம் தண்ணீரில் போகும் வேகத்துக்கு அவ்வளவு பக்கம். மின்சாரத்தையும் விடாது, ரப்பரையும் அரிக்காது. பேதிக்குக் கொடுத்தும் கண்ணிமையில் தடவியும் நாம் பழகிய அந்தப் பிசுபிசுப்பு, ஆழ்கடலில் பீங்கானுக்கும் நீருக்கும் இடையே ஒலிக்கு வேற்றுமை தெரியாமல் வழிவிட்டு நிற்கிறது.

ஆழத்தில் இன்னொரு சிக்கல், அதிலிருந்து பிறந்த இன்னொரு அழகு. ஒரு பக்கம் அழுத்தினால் 593 என்று சொன்ன அந்த இளகிய பீங்கானை எல்லாப் பக்கமும் சமமாக அழுத்தினால் வெறும் 45. மேலிருந்து வரும் அழுத்தம் தரும் மின்னூட்டத்தைப் பக்கவாட்டு அழுத்தங்கள் எதிர்த்திசையில் கழித்துவிடுகின்றன. கடல் எல்லாப் பக்கமும்தான் அழுத்தும். 1970-களின் இறுதியில் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் நியூனமும் சகாக்களும் பவளத்தை எடுத்தார்கள். அதன் துளைகளில் மெழுகைப் புகுத்தி, பவளத்தை அமிலத்தில் கரைத்து, மெழுகு அச்சில் பீங்கான் குழம்பை நிரப்பி, மெழுகை எரித்துச் சுட்டு, மிச்சமான பவள வடிவப் பீங்கானில் ரப்பரை ஊற்றினார்கள். சுவாமிமலை ஸ்தபதி ஒருவர் இதைப் பார்த்தால் அந்நியமாக நினைக்கமாட்டார். பிறகு பீங்கானை மெல்லிய குச்சிகளாக அறுத்து நடுவே பாலிமரை ஊற்றும் எளிய முறை வந்து பவளத்தை ஓரங்கட்டியது. எனக்கு அதில் சிறு வருத்தம் உண்டு. அதே ஆய்வகம் பின்னால் ஒரு பீங்கான் வட்டின் இருபுறமும் உலோகக் கிண்ணங்களை ஒட்டி, மெல்லிய அழுத்தத்தைப் பெருக்கிக் கொடுக்கும் ஓர் அமைப்பைச் செய்தது. அதற்கு வைத்த பெயர் 'சிம்பல்', ஜால்ரா. கையில் வைத்துப் பார்த்தால் பஜனை மடத்து ஜால்ராவின் குட்டிதான்.

(ஈயமில்லாத பீங்கான்களும் வரத் தொடங்கிவிட்டன. 2004-இல் ஜப்பானிலிருந்து வந்த பொட்டாசியம், சோடியம், நயோபியம் கலவை ஒன்று 416 வரை எட்டியது. நல்ல குரல். இன்னும் சாதகம் வேண்டும்.)

கடைசித் தட்டல் நீர்த்தொட்டியில். சென்னை பள்ளிக்கரணையில் உள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனத்தில் இதற்கென்றே ஒரு சோதனைத் தொட்டி இருக்கிறது. வங்கக்கடலில் நிற்கும் சுனாமி எச்சரிக்கை மிதவைகளுக்குக் கடலடியிலிருந்து செய்தி ஏறி வருவதும் ஒலியாகத்தான். அந்த ஒலியின் குரலும் காதும் எங்கோ ஒரு தொட்டியில் தேர்வு எழுதித்தான் கடலுக்குப் போயிருக்கும். தொட்டி என்றால் சுவர். சுவர் என்றால் எதிரொலி. ஆனால் கடலோ சுவரில்லாத வெளி. சிறு தொட்டிக்குள் கடலை எப்படிக் கொண்டுவருவது? மூன்று மீட்டர் ஆழத்தில், இரண்டு மீட்டர் இடைவெளியில் பாடுவதையும் கேட்பதையும் தொங்கவிடுங்கள். நேராகப் போகும் ஒலி 1.3 மில்லிசெகண்டில் சேர்ந்துவிடும். நீர்மட்டத்தில் பட்டுச் சுற்றிவரும் எதிரொலிக்கு 4.2 ஆகும். நடுவில் ஏறக்குறைய 2.9 மில்லிசெகண்ட், சுவர்கள் இன்னும் விழித்துக்கொள்ளாத நேரம். அந்தக் கண்சிமிட்டலுக்குள் நாற்பது கிலோஹெர்ட்ஸ் ஒலி நூற்றுப் பதினைந்து தடவை அதிர்ந்துவிடும். அளப்பதற்கு அது தாராளம். அந்த நேரத்துக்கு மட்டும் தொட்டிதான் கடல்.

அளவுகோலே இல்லாமல் அளக்கும் முறையும் அங்கே உண்டு. மூன்று டிரான்ஸ்டியூசர்கள், எதன் திறமையும் யாருக்கும் தெரியாது. பாடவும் கேட்கவும் தெரிந்த ஒன்று மட்டும் அவற்றில் இருக்க வேண்டும். இரண்டிரண்டாக எதிரெதிரே நிறுத்திப் பாடவும் கேட்கவும் விட்டு, வோல்ட்டையும் மின்னோட்டத்தையும் தூரத்தையும் குறித்துக்கொண்டால், மூன்றின் அளவும் கணக்கில் பிரிந்து வந்துவிடும். 1940-ஐ ஒட்டி அமெரிக்காவில் உருவான முறை. அறிமுகமில்லாத மூன்று பேர் ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டு, ஒவ்வொருவரின் குரலும் காதும் எப்படி என்று தாங்களே சொல்லிவிடும் அதிசயம்.

பிறகு ஒலிக்காளானை ஒரு தண்டில் மெல்லச் சுழற்றுகிறார்கள். எந்தத் திசையில் எவ்வளவு ஒலி என்று திரையில் வட்ட வரைபடம் விரிகிறது. முன்னால் நீண்ட ஓர் இதழ், பக்கங்களில் சுருங்கிய சின்ன இதழ்கள். பக்க இதழ்கள் எவ்வளவு அடங்கியிருக்கின்றனவோ அவ்வளவு நல்லது என்பது நூல் சொல்வது. எனக்கென்னவோ, சற்றே அடங்காத பக்க இதழ்களோடு வரும் படங்களைத்தான் பார்த்துக்கொண்டே இருக்கத் தோன்றும்.

இத்தனையும் தொடங்குவதற்கு முன் நடக்கும் ஒரு காரியம் உண்டு. எந்தக் கருவியும் அதைச் செய்யாது. தொட்டியில் இறக்கும்போது டிரான்ஸ்டியூசரின் முகத்தில் கடுகுக் குமிழிகள் ஒட்டிக்கொள்ளும். ஒரு குமிழி போதும், அளவெல்லாம் பொய்யாகிவிடும். அதனால் இறக்கும் ஆள் முதலில் அந்த முகத்தைச் சோப்புத் தண்ணீரால் கழுவுகிறார். பிறகு சட்டைக் கையைத் தோள்வரை மடித்துக்கொண்டு, கையை நீருக்குள் விட்டு, உள்ளங்கையால் அந்த ரப்பர் முகத்தை ஒருமுறை, இன்னொருமுறை, எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுவதுபோல் வழித்துவிடுகிறார். குமிழிகள் ஒவ்வொன்றாக மேலே போகின்றன. கையை எடுத்துத் துடைத்துக்கொண்டு, தண்ணீரின் சூடும் அதன் சூடும் ஒன்றாகட்டும் என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக் காத்திருக்கிறார்.